அடுத்த வீட்டு அக்கா வெளியேற நினைக்கிறார். நாங்கள் நான்கு பேர் என்ன செய்யலாம்?

நீங்கள் கேட்டதை முதலில் நான் புரிந்துகொண்டபடி சொல்லிவிடுகிறேன். திருப்பூரில் ஒரே லைன் வீட்டில் குடியிருந்து பனியன் கம்பெனிக்குப் போகும் நான்கு பெண்கள் நீங்கள். அடுத்த வீட்டு அக்காவைக் கணவர் அடிக்கிறார். நாலு வயதில் ஒரு குழந்தை, ஐந்தாம் வகுப்பில் ஒன்று. தேனிப் பக்கத்து அம்மா வீட்டில் “அனுசரிச்சுப் போ” என்கிறார்கள். போலீஸ் வேண்டாம், ஆனால் போய்விட வேண்டும் என்கிறார் அக்கா. அவரை வேறு இடத்தில் கொண்டுபோய் வைத்தால் உங்கள் மேல் வழக்கு வருமா, இதை எப்படிச் செய்வது என்பது உங்கள் கேள்வி. நிலைமையை மோசமாக்காமல் உங்களால் இதைத் தாங்க முடியுமா என்ற கவலையும் அதில் தெரிகிறது. அதையும் சேர்த்தே பதில் சொல்கிறேன்.

உறுதியாகச் சொல்லக்கூடியது சட்டம், அதிலிருந்து தொடங்குகிறேன். குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம், 2005 இதற்கென்றே உள்ளது. அதன் 4-ஆம் பிரிவுப்படி வன்முறை நடக்கிறது என்று நம்பக் காரணம் உள்ள யாரும் பாதுகாப்பு அலுவலருக்கு (இந்தச் சட்டத்துக்காக அரசு நியமிக்கும் அலுவலர்) தகவல் கொடுக்கலாம். நல்லெண்ணத்தில் கொடுத்த தகவலுக்காகக் கொடுத்தவர் மேல் உரிமையியல், குற்றவியல் பொறுப்பு எதுவும் வராது. வயது வந்த ஒரு பெண் தன் விருப்பத்தில் வீட்டைவிட்டு வருவதும், அவருக்கு நீங்கள் இடம் கொடுப்பதும் குற்றமல்ல. “என் பெண்டாட்டியைக் கடத்திட்டாங்க” என்று கணவர் மிரட்டுவார். இப்போதைய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சம்ஹிதையின் 84-ஆம் பிரிவு திருமணமான பெண்ணை ஆசைகாட்டி அழைத்துப் போவதைப் பற்றியதுதான். ஆனால் அது தகாத உறவு என்ற நோக்கம் இருந்தால் மட்டுமே பொருந்தும். உங்களிடம் அந்த நோக்கம் இல்லை; நீங்கள் நான்கு பெண்கள் என்பதால் அப்படிப் பழி சொல்வதும் கடினம். அதே காரணத்தால் கம்பெனியில் வேலை செய்யும் அண்ணன், ஆட்டோக்காரத் தம்பி என்று எந்த ஆணும் தனியாக அவரை அழைத்துப் போக வேண்டாம். முதல் பழி அவர் மேல்தான் விழும். அக்காவின் வழக்கையும் அது கெடுக்கும்.

பிள்ளைகளைத் தாய் தன்னோடு அழைத்து வருவதும் கடத்தல் ஆகாது, அதற்கு எதிராக நீதிமன்ற உத்தரவு இல்லாதவரை. இந்துக் குடும்பம் என்றால், ஐந்து வயது முடியாத குழந்தை பொதுவாகத் தாயிடமே இருக்க வேண்டும் என்று 1956-ஆம் ஆண்டு இந்து இளவர், பாதுகாவலர் சட்டம் சொல்கிறது. பெரிய பிள்ளை விஷயத்தில் பின்னால் நீதிமன்றத்தில் வாதம் வரலாம். அதனால் “பிள்ளையை அப்பாவிடம் விடுகிறேன்” என்று எந்தக் காகிதத்திலும், எந்தப் பஞ்சாயத்திலும் அக்கா கையெழுத்துப் போடக் கூடாது.

“போலீஸ் வேண்டாம்” என்று அவர் சொல்வதை “எதுவுமே வேண்டாம்” என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பல பெண்களுக்கு அதன் பொருள், கணவன் சிறைக்குப் போகக் கூடாது, சம்பளம் நின்றுவிடக் கூடாது என்பதுதான். இந்தச் சட்டத்தில் எஃப்.ஐ.ஆர். இல்லாமலே நீதித்துறை நடுவரிடம் மனு போடலாம். அடிக்கக் கூடாது, அருகில் வரக் கூடாது என்று உத்தரவு கேட்கலாம். வீட்டில் தொடர்ந்து இருக்கவும், கணவரை வெளியே அனுப்பவும், வேறு வீட்டுக்கு வாடகை தரவும் கேட்கலாம். பிள்ளைகள் தாயிடம் இருக்க இடைக்கால உத்தரவும், நகையைத் திரும்பத் தரும் உத்தரவும் இதிலேயே கிடைக்கும். பாதுகாப்பு உத்தரவை மீறினால்தான் குற்ற வழக்கு: ஓராண்டு வரை சிறை அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். வழக்கு நடத்தக் காசு வேண்டுமே என்று தயங்க வேண்டாம். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வழக்கறிஞர் தரும்; எண் 15100. இதை அக்காவிடம் முதலில் சொல்லுங்கள். வெளியேறுவது ஒன்றுதான் வழி என்று நீங்களே முடிவுகட்டிவிடாதீர்கள்.

நீங்கள் செய்ய நினைப்பது பெரும்பாலான பெண்களுக்குக் கிடைக்காத உதவி. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வில், வன்முறைக்கு ஆளான இந்தியப் பெண்களில் 14 சதவீதம் பேர்தான் யாரிடமாவது உதவி கேட்டிருந்தார்கள். கேட்டவர்களும் பெரும்பாலும் பிறந்த வீட்டைத்தான் கேட்டார்கள். அந்த வீடே கைவிட்டால் மிச்சம் இருப்பது அக்கம்பக்கமும் கூட வேலை செய்பவர்களும்தான்.

ஆபத்து எந்த அளவு என்று பார்க்க வேண்டும். எல்லா அடியும் ஒன்றல்ல. கழுத்தை நெரித்ததுண்டா, கத்தி, அரிவாள் காட்டியதுண்டா, மண்ணெண்ணெயோ பெட்ரோலோ ஊற்றுவேன் என்றதுண்டா, கர்ப்பமாக இருந்தபோது அடித்தாரா, சந்தேகம் பிடித்துப் பின்தொடர்கிறாரா, சமீபத்தில் அடி கூடியிருக்கிறதா என்று தனியாக, பொறுமையாகக் கேளுங்கள். கழுத்தை நெரிப்பது மிக மோசமான அறிகுறிகளில் ஒன்று. அமெரிக்காவில் ஜாக்குலின் கேம்பெல் முதலியோர் செய்த ஆய்வுகளில், முன்பு கழுத்து நெரிக்கப்பட்ட பெண் பின்னர் அதே ஆணால் கொல்லப்படும் வாய்ப்பு பல மடங்கு கூடியிருந்தது. வெளியில் தழும்பே இல்லாமல் இருக்கலாம். குரல் கரகரத்தாலோ, எச்சில் விழுங்க வலித்தாலோ, கண் வெள்ளையில் சிவப்புப் புள்ளிகள் தெரிந்தாலோ அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும்; உள்வீக்கம் சில மணி நேரம் கழித்தும் மூச்சை அடைக்கும். இந்த அறிகுறிகள் இருக்கும் வீட்டில் உங்கள் நால்வரின் ஏற்பாடு மட்டும் போதாது. பெண்கள் உதவி எண்ணான 181-ஐயும் பாதுகாப்பு அலுவலரையும் முன்கூட்டியே சேர்த்தாக வேண்டும். பெண் பிரிந்துபோகும் நாளும் அதையொட்டிய வாரங்களும்தான் அதிக ஆபத்தானவை என்பதும் ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வந்த முடிவு. ஆகவே “போகப் போகிறேன்” என்று கணவரிடம் சொல்லிவிட்டுக் கிளம்பக் கூடாது. நீங்களும் போய் அவரைத் தட்டிக் கேட்கக் கூடாது. அந்தக் கோபம் அன்றிரவு அக்கா மேல்தான் இறங்கும்.

மருத்துவமனை என்றதும் ஒன்று. அடிபட்டு வரும் பெண்கள் பலர் “பாத்ரூமில் வழுக்கி விழுந்தேன்” என்று சொல்லிவிடுகிறார்கள். பணி மருத்துவர் அதைத்தான் விபத்துப் பதிவேட்டில் எழுதுவார். பிறகு எந்த வழக்கிலும் அந்த வரி எதிராக நிற்கும். “தெரிந்த நபர் தாக்கினார்” என்று பொதுவாக எழுதினாலும் பயன் குறைவு. கணவர், இன்ன தேதி, இன்ன நேரம், இன்ன பொருளால் என்று எழுதச் சொல்லி, அந்தப் பதிவேட்டின் நகலை (ஏ.ஆர். காப்பி) கேட்டு வாங்குங்கள். காயத்தை அன்று ஒரு முறை, கன்றிய நிறம் நன்றாகத் தெரியும் இரண்டாம் மூன்றாம் நாள் ஒரு முறை படம் எடுங்கள். முகமும் காயமும் சேர்ந்து ஒரு படம், காயத்தின் அருகே ஒரு ரூபாய் நாணயம் வைத்து ஒரு படம். படங்கள் உங்களில் ஒருவரிடம் இருக்கட்டும். அக்காவின் போனில் வேண்டாம்.

இனி உங்கள் குழு. நான்கு பேர் போதும். ஐந்தாவது ஆளைச் சேர்க்காதீர்கள். வாட்ஸ்ஆப் குழு தொடங்கவே வேண்டாம். யாரோ ஒருவரின் வீட்டுக்காரர் போனைப் பார்ப்பார். அத்தோடு லைன் முழுக்கத் தெரிந்துவிடும். வேலையைப் பிரித்துக்கொள்ளுங்கள். அக்காவோடு பேசுபவர் ஒருவர். காகிதம், பணம், பையைப் பாதுகாப்பவர் ஒருவர். போய் இறங்கும் இடத்தை ஏற்பாடு செய்பவர் ஒருவர். அலுவலகம், காவல் நிலையம், நீதிமன்றத்துக்குக் கூடப் போகிறவர் ஒருவர். தங்கும் இடம் இரண்டு பேருக்கு மேல் தெரியக் கூடாது. மற்ற இருவர் தெரியாது என்று சொல்வது அப்போது உண்மையாகவே இருக்கும். கணவரோ மாமியாரோ வந்து அழுதாலும் மிரட்டினாலும் அவர்களிடமிருந்து ஒன்றும் வெளியே வராது.

பேசுவதற்கு அவர் வீடோ உங்கள் வீட்டு வாசலோ சரிப்படாது. லைன் வீட்டில் சுவருக்கும் காது உண்டு. கம்பெனியில் சாப்பாட்டு நேரம், மகளிர் குழுக் கூட்டம், தையல் கடைக்குப் போகும் வழி, இப்படிச் சந்தேகம் வராத நேரமாகப் பாருங்கள். ஆபத்து என்றால் சொல்ல ஒரு வாக்கியம் முடிவு செய்யுங்கள்: “சீட்டுப் பணம் கட்டியாச்சா?” என்று அக்கா போனில் கேட்டால் உடனே அவசர உதவி எண் 112-க்கு அழைக்க வேண்டும் என்று பொருள். அப்போது யார் அழைப்பது, யார் கதவைத் தட்டிப் “பால் இருக்கா” என்று கேட்டுப் பேச்சைக் கலைப்பது என்பதையும் முன்பே பேசி வையுங்கள்.

பையில் என்ன இருக்க வேண்டும்? அக்கா, பிள்ளைகள் ஆதார், பிறப்புச் சான்று, குடும்ப அட்டை நகல், திருமணப் பதிவுச் சான்று, அது இல்லாவிட்டால் பத்திரிகையும் கல்யாண போட்டோவும், வங்கிப் புத்தகம், இ.எஸ்.ஐ. அட்டை, பி.எஃப். எண், மருந்துச் சீட்டு. பலர் மறப்பது நகையின் பில்லும் அடகு ரசீதும். சீர் நகை அவருடைய சொத்து. ஆனால் எது அவருடையது என்று காட்டக் காகிதம் வேண்டும். ரசீது கணவர் பெயரில் இருந்தாலும் படம் எடுத்து வையுங்கள். ஜீவனாம்சம் கேட்கும் நாளில் கணவரின் சம்பளச் சீட்டு நகல் மிகவும் உதவும். ஒரே நாளில் எல்லா அசலையும் எடுத்தால் பீரோவில் இடைவெளி தெரியும். முதலில் எல்லாவற்றையும் படமோ நகலோ எடுங்கள். பக்கத்துத் தெரு ஜெராக்ஸ் கடை வேண்டாம். பிறகு அசலை ஒவ்வொன்றாக நகர்த்துங்கள். அன்றாடம் தேடப்படும் ஒன்றிரண்டைக் கிளம்பும் நாளில் எடுக்கலாம்.

பணம் விஷயத்தில், அக்காவும் இரண்டு பிள்ளைகளும் முதல் பத்து நாளைக் கடக்க, சில்லறை நோட்டாகப் பத்தாயிரம் ரூபாயாவது கையில் இருப்பது நல்லது. நீங்கள் போடுவதைக் கடன் என்று சொல்லாதீர்கள்; திரும்பக் கேட்கும் நாளில் உறவு முறியும். அவர் பெயரில் தனிக் கணக்கு வேண்டும். அஞ்சலகச் சேமிப்புக் கணக்கை 500 ரூபாயில் தொடங்கலாம். புத்தகம் உங்களிடம் இருக்கட்டும், ஏ.டி.எம். அட்டை தபாலில் வீட்டுக்கு வராதபடி பாருங்கள். மகளிர் உரிமைத் தொகை எந்தக் கணக்கில் வருகிறது, அந்த அட்டை யார் கையில், குறுஞ்செய்தி யார் போனுக்குப் போகிறது என்றும் கேளுங்கள். ரேஷன் வாங்கினாலும் அட்டையில் பதிந்த எண்ணுக்குச் செய்தி போகும்.

இன்னொன்று, யாரும் முன்யோசனை செய்யாதது: குழுக் கடனும் மைக்ரோ பைனான்ஸ் கடனும். அக்கா பெயரில் பாக்கி இருந்து அவர் போய்விட்டால், வசூலுக்கு வருபவர் அதே குழுவிலுள்ள மற்றவர்களைத்தான் நெருக்குவார். “அவ ஓடிட்டா, நாங்க கட்டணுமா” என்ற கோபத்தில்தான் பல இடங்களில் தங்கிய இடம் வெளியே வருகிறது. எவ்வளவு பாக்கி, எந்தத் தேதியில் தவணை என்று எழுதி, முதல் இரண்டு தவணைக்கு வழி வைத்துவிட்டுக் கிளம்புங்கள்.

போன் கவனமாகப் பார்க்க வேண்டியது. அக்காவின் ஜிமெயில் கணக்கைத் தொடங்கிக் கொடுத்தது கணவரா? சிம் யார் பெயரில்? கணவர் பெயரில் என்றால் அவர் நகல் சிம் வாங்கி வங்கி ஓ.டி.பி. வரை பார்க்கலாம். மேப்பில் இருப்பிடப் பகிர்வு, வாட்ஸ்ஆப்பில் இணைக்கப்பட்ட சாதனங்கள் இரண்டையும் பாருங்கள், ஆனால் கிளம்பும் நாளுக்கு முன் எதையும் மாற்ற வேண்டாம். திடீரென்று மாற்றினால் அதுவே அவருக்கு எச்சரிக்கை. அக்கா பெயரிலேயே புது சிம், ஒரு பட்டன் போன், அது உங்களில் ஒருவர் வீட்டில் இருக்கட்டும். கிளம்பியதும் பழைய போனை அணைத்துச் சிம்மைக் கழற்றுங்கள். அழித்துவிடாதீர்கள், அதில் உள்ள மிரட்டல் செய்திகள் சாட்சி. பிறகு ஆதார் மையத்தில் நேரில் போய்க் கைரேகை வைத்துப் புது எண்ணைச் சேர்க்கலாம், பழைய எண் தேவையில்லை.

நாள் குறிப்பதில் திங்கள் முதல் புதன் வரை காலை நேரம் நல்லது. வெள்ளி மாலை கிளம்பினால் இரண்டு நாள் அலுவலகமும் நீதிமன்றமும் மூடியிருக்கும், அந்த இரண்டு நாளும் எல்லாச் சுமையும் உங்கள் தலையில். கணவர் வேலைக்குப் போன பின், வழக்கமான வேலைப் பையோடு, வழக்கமான நேரத்தில் அக்கா கிளம்பட்டும். பிள்ளைகளிடம் அன்று காலை வரை சொல்ல வேண்டாம். அவர்கள் பொய் சொல்லத் தெரியாமல் மாட்டிக்கொள்வார்கள். ஆப்பில் டாக்சி போட்டால் பதிவு நிற்கும். அரசின் சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை; போனில் தடயமும் இல்லை.

எங்கே போவது? அம்மா வீட்டுக்கு வேண்டாம், உங்கள் நால்வர் வீட்டுக்கும் வேண்டாம். கணவர் முதலில் தேடுவது அக்காவின் அம்மா வீடு, அடுத்தது நெருங்கிய தோழி வீடு. ஒருங்கிணைந்த சேவை மையம், ‘சகி’ என்பார்களே, அங்கே சில நாள் தங்கலாம். சிகிச்சை, ஆலோசனை, சட்ட உதவிக்கும் அங்கிருந்தே வழி செய்வார்கள். அது குறுகிய காலத்துக்கு மட்டும். அடுத்து சக்தி சதன் என்ற பெண்கள் காப்பு இல்லங்கள், தாம்பரம் போன்ற ஊர்களில் உள்ள அரசு சேவை இல்லங்கள், வேலைக்குப் போகும் பெண்கள் விடுதிகள். வளர்ந்த ஆண் பிள்ளைகளைச் சேர்ப்பதில் இல்லத்துக்கு இல்லம் வயது வரம்பு உண்டு. உங்கள் அக்காவின் பெரிய பிள்ளை பையன் என்றால் அதை முதலில் கேட்டுவிடுங்கள். வாசல்வரை போய்த் திரும்பும் நிலை பெண்ணை உடைத்துவிடும். வீடு வாடகைக்குத் தேடினால் “வீட்டுக்காரர் எங்கே?” என்று கேட்பார்கள், உங்களில் வயதில் மூத்தவர் கூடப் போய்ப் பேசுவதில் பாதி தடை விலகும். பள்ளியைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். எட்டாம் வகுப்பு வரை, மாற்றுச் சான்றிதழ் தாமதமாகிறது என்பதற்காகச் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்பது கல்வி உரிமைச் சட்டம்.

முதல் மூன்று நாளில் கணவர் “பெண் காணவில்லை” என்று புகார் கொடுப்பார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு முன்பே அக்கா தன் கையால் ஒரு கடிதம் எழுதட்டும்: இன்ன தேதியில், இன்ன காரணத்தால், யார் தூண்டுதலும் இல்லாமல், பிள்ளைகளோடு வந்திருக்கிறேன், பாதுகாப்பாக இருக்கிறேன். கிளம்பிய அன்றே அதை அந்தப் பகுதிக் காவல் நிலையத்துக்கும் மாநகரக் காவல் ஆணையர் அலுவலகத்துக்கும் விரைவுத் தபாலில் அனுப்பி, ரசீதையும் நகலையும் வைத்திருங்கள். இந்த ஒரு தாள் உங்கள் நால்வருக்கும் கவசம். போலீஸ் உங்களை அழைத்தால் பொய் சொல்லாதீர்கள். அவர் பத்திரமாக இருக்கிறார், நேரில் வந்து சொல்வார் என்று சொல்லி, சேவை மையப் பணியாளரோடோ வழக்கறிஞரோடோ அக்காவை அழைத்துப் போங்கள். வயது வந்தவர் தன் விருப்பத்தைச் சொன்ன பிறகு அவரைக் கணவரோடு அனுப்பிவைக்கப் போலீசுக்கு அதிகாரம் இல்லை. அங்கே எந்தப் புகார் கொடுத்தாலும் சி.எஸ்.ஆர். ரசீது (புகாரைப் பெற்றதற்கான ஒப்புகை) வாங்குங்கள். “சமாதானமாகப் போகிறோம்” என்று எழுதி வாங்கப் பார்ப்பார்கள். யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்து வரலாம்.

அடுத்து வருவது “மருந்து குடிச்சிருவேன்” என்ற மிரட்டல். அதைப் பொருட்படுத்தாமல் விடவும் கூடாது, அதற்காக அக்கா திரும்பிப் போகவும் கூடாது. கணவரின் அண்ணனுக்கோ அப்பாவுக்கோ தகவல் சொல்லி, 108-ஐயும் அழையுங்கள். உங்கள் பொறுப்பு அதோடு முடிகிறது.

இனி என்னால் உறுதி சொல்ல முடியாதவை. முதல் விசாரணை சாதாரணமாக மூன்று நாளுக்குள், மனு முடிவு அந்த விசாரணையிலிருந்து 60 நாளுக்குள் என்று சட்டம் சொல்கிறது; நடைமுறையில் பெரும்பாலும் இழுக்கும், அதனால் இடைக்கால உத்தரவைக் கேட்டு வாங்குவதுதான் முக்கியம். பாதுகாப்பு உத்தரவு கணவரை நிறுத்துமா என்பது ஆளைப் பொறுத்தது. வேலை, பெயர், உறவினர் முன் மரியாதை என்று இழக்க ஏதாவது உள்ளவர் அடங்குவார். குடியிலும் சந்தேகத்திலும் மூழ்கியவரை அந்தக் காகிதம் நிறுத்தும் என்று நம்பி இருக்கக் கூடாது. தற்காலிகமாகத் தங்கியுள்ள ஊரிலேயே மனு போடலாம். ஆனால் மனுவில் எழுதும் முகவரி கணவருக்கும் போகும். அதை எப்படித் தவிர்ப்பது என்று மனு எழுதும் முன்பே வழக்கறிஞரிடம் கேளுங்கள். ஊர்ப் பெரியவர்கள், சாதிச் சங்கம் வைத்துப் பேசுவதில் எனக்கு நம்பிக்கை குறைவு. பெரும்பாலும் பெண்ணைத் திருப்பி அனுப்புவதில்தான் முடிகிறது. புதுக்கோட்டையில் ஷரீஃபா கானம் முஸ்லிம் பெண்களுக்கென்று தனி ஜமாஅத்தையே உருவாக்கியது, பெண்ணின் பேச்சு ஏறாத சபைகளில் நியாயம் கிடைக்காது என்பதால்தான். கம்பெனி மேலாளரிடம் சொல்வதா என்பதை அக்காவே முடிவு செய்யட்டும்.

கடைசியாக, அக்கா திரும்பிப் போகலாம். பிள்ளை அழும், காசு தீரும், கணவர் வந்து காலில் விழுவார். அப்போது “உனக்காக இவ்வளவு செய்தோமே” என்ற ஒரு வார்த்தை போதும், அடுத்த முறை அவர் உங்களிடம் வரமாட்டார். பையையும் கணக்குப் புத்தகத்தையும் பட்டன் போனையும் அப்படியே வைத்திருங்கள். அந்தச் “சீட்டுப் பணம்” வாக்கியம் இன்னும் செல்லும் என்று மட்டும் சொல்லுங்கள். இந்த வாரம் நீங்கள் செய்ய வேண்டியது, உங்களில் ஒருவர் அக்காவின் பெயரைச் சொல்லாமல் 181-க்கு அழைத்து மூன்று விஷயம் கேட்பது: மாவட்டப் பாதுகாப்பு அலுவலரின் இடமும் நேரமும், சேவை மையத்தில் இப்போது தங்க இடம் உண்டா, பெரிய பிள்ளையைச் சேர்த்துக்கொள்வார்களா. பதிலை அக்காவிடம் சொல்லுங்கள். கிளம்பும் நாளை அவரே குறிக்கட்டும்.